கொக்கி இல்லாத கூரைகள்

கோத்தகிரியில் கூரை போட்டவர்கள்
ஃபேனுக்குக் கொக்கி வைக்கவில்லை.
மறதி இல்லை, தேவை இல்லை.
கம்பி கட்டும்போது கொத்தனார் கேட்டிருந்தால்
சிரித்திருப்பார்கள்:
"இங்கேயா? குளிருக்குக் காது அடைக்குது, நீ வேற."

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் வயர் இழுக்கிறேன்.
பையில் கீசர் காயில் இருக்கும், ஹீட்டர் கம்பி இருக்கும்,
சுவிட்ச் பெட்டிக்குள் பூத்த பூஞ்சணத்தைத் துடைக்க
ஒரு பழைய பனியன்.
இப்போது ஆங்கர் போல்ட், நீள டிரில் பிட்.
எந்த வருடம் மாறியது என்று கேட்டால்
சொல்லத் தெரியாது.
தோளில் கனம்தான் கூடியிருந்தது.

முதலில் கேட்டவர் கேர்பெட்டா ஹிரியன்.
கோயம்புத்தூர் டீலர் போனில் இரண்டு தடவை கேட்டார்:
"கோத்தகிரிக்கா, காரமடைக்கா?"
கோத்தகிரிக்குத்தான்.
"சீலிங் ஃபேனா?"
ஆமாம் ஐயா, சீலிங்கில் மாட்டுவது.
ஹிரியன் ஏணியைப் பிடித்தபடி
குற்றம் செய்தவர் போல மெல்லச் சொன்னார்:
"மருமக மெட்ராஸ்காரி. அவளுக்காகத்தான்."
மாட்டி முடித்ததும் முதலில் கீழே படுத்தவர் அவர்.

அடுத்த வாரம் பக்கத்து வீடு.
அங்கே மருமகள் இல்லை.

ஏணிமேல் நிற்பவனிடம் ஜனங்கள்
வானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.
அரவேணு நர்ஸ் ரெஜினா போனை உயர்த்திக் காட்டினாள்.
கனடாவில் தங்கை.
காடு எரிந்த புகையில்
மத்தியானம் மூன்று மணி, செங்கல் நிறம்.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டு அடைத்திருக்கிறாள்.
கட்டபெட்டில் டிரைவர் சுபைர் வீட்டில் இன்னொரு போன்:
மச்சான் வேலை செய்யும் பாலைவன ஊரில்
கார்கள் மிதந்துகொண்டிருந்தன.
"ஒட்டகத்துக்கு நீச்சல் தெரியுமா?" என்றான் அவர் பையன்.
பல்லில் ஸ்குரூடிரைவர்.
நான் பதில் சொல்லவில்லை.

இந்த மார்கழியில் உறைபனி வரவில்லை.
மிலார் வெட்டித் தேயிலைமேல் போர்த்திக் காத்திருந்தவர்கள்
தை கடைசியில் எடுத்துப் போட்டார்கள்.
மாசியில், கொழுந்து விட்ட பிறகு,
ஒரே ராத்திரி,
உப்பு மூட்டை அவிழ்ந்த மாதிரி.
காலையில் வெள்ளை. சாயங்காலம் கருப்பு.
சித்திரையில் ஃபேன் கேட்டு வந்தவர்களில்
அந்தத் தோட்டக்காரர்களும் இருந்தார்கள்.
தவணையில் கேட்டார்கள்.

எழுதி வாங்கிய பன்னிரண்டு ஃபேன்
குஞ்சப்பனையில் லாரியோடு நின்றுவிட்டது.
நாளெல்லாம் நூலாய் இறங்கும் மழை
அன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில்
மொத்தத்தையும் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தது.
ரோட்டின்மேல் மண்,
மண்ணின்மேல் ஒரு சில்வர் ஓக்,
நின்ற நிலையிலேயே இறங்கி வந்தது.
புழுக்கத்துக்கு வாங்கிய காற்று
மூன்று நாள் மழையில் நனைந்தது.
அட்டைப் பெட்டிகள் தோசைமாவு போலக் குழைந்து வந்தன.
இறக்கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டீலர் இப்போது ஊர் கேட்பதில்லை.
எத்தனை என்று கேட்கிறார்.

என் வீட்டில் மாட்டவில்லை.
லைன் வீட்டுத் தகரம், போல்ட் பிடிக்காது.
இருக்கும் டேபிள் ஃபேனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டு
"கதவைத் திறந்து வை" என்கிறாள் செல்வராணி.
கரடி வரும் என்கிறேன்.
"வரட்டும். அதுக்கும் வேர்க்கும்தானே."

நேற்றுத் திறந்துதான் கிடந்தது.
இரண்டரை மணிக்குக் குளிர் வந்தது,
கணுக்காலைத் தொட்டு,
ஆள் அடையாளம் பார்ப்பது போல நின்று.
எழுந்துபோனேன்.
கீழே தேயிலைக்குள் ஏதோ நகர்ந்தது.
கதவில் கை வைத்தபடி
கொஞ்ச நேரம்
சாத்தாமல் நின்றேன்.